கத்தரி விதைக்குள் கணக்குப் பார்த்த ஜானகி அம்மாள்

ஆடியில் விதைத்த கத்தரி ஐப்பசியில் காய்த்தபோது, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு வீட்டில் இருந்து எனக்கு அழைப்பு வந்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பச்சையில் வெள்ளைக் கோடு ஓடும் உருண்டைக் கத்தரியை, மாமியார் காலத்தில் இருந்து தன் கொல்லையிலேயே விதை எடுத்து வளர்த்து வருகிறார். இந்த முறை 12 செடிகளில் ஒன்பதில் அதே காய். மீதி மூன்றில் ஊதா நிறத்தில் சற்று நீண்ட காய். விதை கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கடையில் நாற்று வாங்கிவிடலாமா என்பது அவர் கேள்வி.

மாடியைப் பார்த்ததும் விடை தெரிந்தது. ஒரகடம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பிகள் அங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். போன ஆண்டு அவர்கள் பைகளில் ஊதாக் கத்தரி வீரிய ஒட்டு ரகம் வளர்த்திருக்கிறார்கள். மாடிப் பூவில் உட்கார்ந்த வண்டு, கீழே கொல்லைப் பூவிலும் உட்கார்ந்திருக்கிறது. விதை கெடவில்லை. கலந்திருக்கிறது. அவ்வளவுதான்.

கெட்டது வேறு, கலந்தது வேறு. இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள உதவும் அறிவியலில் தன் வாழ்நாள் முழுவதையும் செலவிட்ட ஒரு பெண், அந்த வீட்டில் இருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில்தான் தன் கடைசிக் காலத்தைக் கழித்தார். பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டிச் சென்னை நோக்கிப் போனால் வரும் மதுரவாயல்தான் அந்த ஊர். அவர் பெயர் ஜானகி அம்மாள்.

தலச்சேரித் தோட்டம்

எடவலத்து கக்கத்து ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. தந்தை ஈ.கே.கிருஷ்ணன் சார்பு நீதிபதி. நீதிமன்ற வேலை போக மிச்ச நேரத்தில் பறவைகளையும் செடிகளையும் கவனிப்பவர். வீட்டைச் சுற்றித் தோட்டம் வைத்திருந்தார். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். செடியை உற்றுப் பார்க்கும் பழக்கம் ஜானகிக்கு அங்கேதான் வந்தது.

சகோதரிகளுக்குத் திருமணங்கள் நடந்தன. இவருக்கும் வரன் பேசப்பட்டது. இவர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை. சென்னை ராணி மேரிக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1921-ல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்தார். பிறகு சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை கிடைத்து, 1924-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கு முதுநிலைப் பட்டமும், 1931-ல் முனைவர் பட்டமும் பெற்றார். இந்தியப் பெண்கள் பள்ளி வாசலைத் தாண்டுவதே அரிதாக இருந்த காலம் அது. அதிலும் அவர் பிறந்த தீயர் சமூகம், சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டிருந்தது.

கத்தரியும் கரும்பும்

அவர் கையில் எடுத்த முதல் செடிகளில் கத்தரியும் ஒன்று. மிச்சிகனில் அவர் உருவாக்கிய கத்தரி வகை அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. கத்தரியில் குரோமோசோம் தொகுதிகள் பெருகுவதைப் பற்றி 1934-ல் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்.

குரோமோசோம் என்பது என்ன? ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் நூல் துண்டுகள் போல இருக்கும் பொருள். காய் பச்சையா ஊதாவா, உருண்டையா நீளமா, முள் உண்டா இல்லையா என்பதெல்லாம் அதில்தான் பதிந்திருக்கிறது. கத்தரிக்கு 24 குரோமோசோம்கள். 12 தாய்ச் செடியில் இருந்தும், 12 மகரந்தம் தந்த செடியில் இருந்தும் வருபவை. எண்ணுவதற்குப் பெரிய மரமோ காயோ தேவையில்லை. விதையை ஈரத்தில் முளைக்க விட்டு, வேர் நுனியைக் கிள்ளி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சொல்ல எளிது. ஒரு செடிக்கு நாள்கணக்கில் கண் வலிக்க உட்கார வேண்டிய வேலை.

திருவனந்தபுரத்தில் மகாராஜா அறிவியல் கல்லூரியில் 1932 முதல் 1934 வரை பேராசிரியராக இருந்த பிறகு, கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில் சேர்ந்தார். 1912-ல் தொடங்கிய அந்த நிலையத்தில் பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும், இனிப்பான தடித்த கரும்பையும் நம் ஆற்றங்கரை நாணலையும் ஒட்டுச் சேர்த்து 'கோ' ரகங்களை உருவாக்கியிருந்தார்கள். விவசாயிக்குக் கரும்பு என்றால் கரணை. ஆனால் புதிய ரகம் பிறப்பது கரணையில் அல்ல, கரும்புப் பூவில் உண்டாகும் பஞ்சு போன்ற நுண்ணிய விதையில். அந்த விதைக்குள் எந்தப் பெற்றோரிடம் இருந்து எத்தனை குரோமோசோம் வந்தது என்று கணக்குப் பார்த்தவர் ஜானகி அம்மாள். நாணலின் குரோமோசோம் எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறுவதை ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளம் உள்ளிட்ட பிற புல்லினங்களோடு ஒட்டுச் சேர்த்துப் பார்த்தார். 1935-ல் இந்திய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆனாலும் தனியாக வாழும் பெண், அதுவும் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண், ஆண்கள் நிறைந்த நிலையத்தில் வேலை பார்ப்பது எளிதாக இல்லை. 1939-ல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குப் போனார். அப்போது இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார்.

குண்டு மழைக்கு நடுவே ஒரு பட்டியல்

லண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிலையத்தில் 1940 முதல் 1945 வரை வேலை பார்த்தார். இரவில் விமானங்கள் குண்டு போடும்போது கட்டிலுக்கு அடியில் பதுங்குவார். காலையில் உடைந்த கண்ணாடிச் சில்லுகளைத் துடைத்துத் தள்ளிவிட்டு மீண்டும் வேலையில் உட்காருவார். அந்த ஆண்டுகளின் விளைச்சல், சி.டி.டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் வெளியிட்ட, சாகுபடிச் செடிகளின் குரோமோசோம் எண்களைத் தொகுத்துத் தரும் நூல். நெல், கோதுமை மட்டுமல்ல. வீட்டுத் தோட்டத்துக் காய்கறியும் பூச்செடியும் அதில் உண்டு.

இந்த எண்கள் விவசாயிக்கு எதற்கு? செண்டுமல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமாக வளர்ந்து பெரிய பூ பூக்கும் வகைக்கு 24 குரோமோசோம்கள். குட்டையாக, சிறிய பூ பூக்கும் வகைக்கு 48. இரண்டும் அருகருகே இருந்து கலந்தால் பிறக்கும் செடிக்கு 36. அது நன்றாகவே பூக்கும். ஆனால் மூன்று தொகுதிகள் இருப்பதால் சரிபாதியாகப் பிரிய முடியாமல், விதை பிடிக்காது. விதை எடுக்க நினைத்தவர் காய்ந்த பூவைப் பிரித்துப் பார்த்தால் சப்பை விதைதான் இருக்கும். மண்ணிலோ உரத்திலோ கோளாறு தேடிப் பயனில்லை. விதை இல்லாத தர்ப்பூசணியும் இதே மூன்று தொகுதிக் கணக்கில் உருவாக்கப்படுவதுதான்.

விஸ்லி நாற்றும் நம் கண்வலிக்கிழங்கும்

போர் முடிந்த பிறகு, விஸ்லியில் உள்ள அரசத் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் குரோமோசோம் ஆய்வாளராகச் சேர்ந்தார். அங்கே அவர் பயன்படுத்திய மருந்து கோல்ச்சிசின். உயிரணு இரண்டாகப் பிரியும் வேளையில் அதைத் தடுத்து, குரோமோசோம் தொகுதியை இரட்டிப்பாக்கும் நஞ்சு இது. நமது செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்கின் விதையிலும் இதுதான் இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதி விவசாயிகள் கண்வலி விதையை விற்பது இந்தக் கோல்ச்சிசினுக்காகத்தான்.

நம் செண்பகத்தின் உறவான மக்னோலியா மரத்தின் விதையை முளைக்க வைத்து, விதையிலைகள் நன்றாக விரிந்த பின் நாற்றின் குருத்து நுனியில் கோல்ச்சிசின் கரைசலை இட்டார். தப்பிப் பிழைத்து மரமானவற்றில் இலையும் பூவிதழும் தடித்திருந்தன. அவற்றில் ஒன்று ஜானகி அம்மாள் என்ற பெயரோடு உலகத் தோட்டங்களில் இன்றும் வளர்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோல்ச்சிசின் கொடிய விஷம். ஆய்வகத்துக்கு வெளியே யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது. கண்வலி விதையைப் பிள்ளைகள், கால்நடைகள் அருகே வைக்கவும் கூடாது.

எரிந்துபோன மரம்

அசாமின் ஷில்லாங் பக்கம் அரிய மக்னோலியா ஒன்று இருப்பதாக அறிந்து, அதைத் தேடி 37 மைல் போனார் ஜானகி அம்மாள். அந்தப் பகுதியிலேயே அந்த இனத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு மரம்தான். போய்ப் பார்த்தபோது மரம் எரிக்கப்பட்டிருந்தது. அதன் விதை, குரோமோசோம், அது எத்தனை ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த குணங்கள் எதையும் எந்த ஆய்வகத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. உணவு உற்பத்தியைப் பெருக்க நாடெங்கும் காடு திருத்தப்பட்ட காலம் அது. உணவு வேண்டும் என்பதில் அவருக்கு மறுப்பு இல்லை. நாளைய உணவுக்கான விதைகளையே இன்று கொளுத்துகிறோமே என்பதுதான் அவர் கவலை.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951-ல் நாடு திரும்பினார். இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. அதன் பிறகு அலகாபாத், ஜம்மு என்று பல இடங்களில் பணியாற்றினார். 1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை மாற்றிய விதம் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. அதில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், இந்தியாவில் வீட்டுத் தேவைக்காகச் செய்யப்படும் வேளாண்மை. உலக அறிஞர்கள் கூடிய சபையில் ஒரு குரோமோசோம் விஞ்ஞானி பேசத் தேர்ந்தெடுத்தது சிறு குடும்பங்களின் நிலத்தை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் பழங்குடி மக்களின் தாவர அறிவையும் மூலிகைகளையும் தேடித் தொகுப்பதில் இறங்கினார்.

மதுரவாயல்

1970-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு ஓய்வுபெற்ற விஞ்ஞானியாக வந்தார். மையத்தின் ஆய்வுக்களம் மதுரவாயலில் இருந்தது. வயது எழுபதைத் தாண்டியவர், அங்கேயே குடியேறினார். மூலிகைத் தோட்டம் வளர்த்தார். எளிய மஞ்சள் புடவை, குறைந்த சாமான்கள், சுற்றிலும் பூனைகள். ஒரே தாயின் குட்டிகளுக்குள் இருக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகளையும் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். விதையில் பார்த்த கணக்கைப் பூனைக்குட்டியிலும் பார்த்தார் போலும்.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டம் வரவிருந்தபோது, எண்பது வயதில் அதை எதிர்த்தவர்களோடு நின்றார். எதிர்த்ததோடு விடவில்லை. அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் வேலையையும் முன்னெடுத்தார். காடு போனாலும் இருந்தாலும், அதில் என்ன இருந்தது என்பதாவது தெரிய வேண்டும் அல்லவா? திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில், 86 வயதில், மதுரவாயலில் காலமானார். 1977-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கொடைக்கானலில் ரோஜா இனப்பெருக்கம் செய்யும் வீரராகவன் தம்பதி 2018-ல் ஒரு புதிய ரோஜாவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

கொல்லையில் என்ன செய்யலாம்?

செம்பரம்பாக்கம் அம்மாவின் கத்தரிக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் நிலங்கள் தொழிற்சாலைகளாகவும் மனைகளாகவும் மாறிவிட்டன. வேலை வந்திருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வயல் போனபோது வயலில் இருந்த ரகங்களும் போயின. மிச்சம் இருப்பவை சில கொல்லைகளில்தான் இருக்கின்றன. ஒரு வீட்டில் மட்டும் இருக்கும் கத்தரி, அந்த ஒற்றை மக்னோலியா மரத்துக்குச் சமம். அதனால் அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

முதலில், குணம் மாறிய செடிகளை மட்டும் நீக்குங்கள். காயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாம், விதைக்கு வேண்டாம். பழைய குணம் மாறாத செடிகளில், நோயில்லாத இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து நாடா கட்டி அடையாளம் வையுங்கள்.

கத்தரிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ஆனால் தேனீயும் வண்டும் வந்தால் கலப்பு ஏற்படும். நாளை விரியப் போகும் மொட்டை இன்று மாலையே மெல்லிய துணிப் பையால் மூடிக் கட்டிவிடுங்கள். பூ விரிந்ததும் காலையில் பையோடு லேசாகத் தட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் வண்ண நூல் கட்டுங்கள். நூல் கட்டிய காய் மட்டுமே விதைக்கு.

காய் செடியிலேயே பழுத்து மஞ்சளாக வேண்டும். பறித்துச் சில நாள் வைத்திருந்து, சதையைத் தண்ணீரில் பிசைந்து, மூழ்கும் விதையை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். சாம்பல் கலந்து, காற்றுப் புகாத புட்டியில், ரகம், ஆண்டு எழுதி வையுங்கள். நன்கு காய்ந்த கத்தரி விதை மூன்று ஆண்டு வரை முளைக்கும். விதைக்கும் முன் 20 விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். 14 முளைத்தாலும் போதும், அந்த விதை நல்ல விதை. விதைக்கும்போது ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி கலப்பது நாற்றழுகலைக் குறைக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு சிட்டிகை போதும்.

தக்காளி, அவரை, தட்டைப்பயறு, கொத்தவரை பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர்கள். இவற்றில் விதை எடுப்பது எளிது. மிளகாய், வெண்டையில் கலப்பு வரும். அவற்றுக்கும் கத்தரி போலவே மொட்டை மூட வேண்டும். சுரை, பீர்க்கு, பாகல், புடலில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. விரியும் முன் இரண்டையும் மூடி வைத்து, விரிந்ததும் ஆண் பூவைப் பெண் பூவில் தடவி, மீண்டும் மூட வேண்டும். சுரைப் பூ மாலையில் விரியும். கீரையின் மகரந்தம் காற்றில் பறக்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு ரகத்தை மட்டும் பூக்க விடுங்கள்.

வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை பல விதமாகப் பிரியும். அது விதைக் கடைக்காரர் ஏமாற்றியதால் வருவதில்லை, குரோமோசோம் கணக்கினால் வருவது. ஒட்டு ரகம் வேண்டுவோர் ஒவ்வொரு முறையும் விதை வாங்கத்தான் வேண்டும். விதை எடுக்க விரும்புவோர் நாட்டு ரகம், அல்லது ஒட்டு அல்லாத பல்கலைக்கழக ரகம் வைக்க வேண்டும். வேளாண் அலுவலர்களும் விதைப் பொட்டலம் வழங்கும்போது இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால் போதும், பாதிக் குழப்பம் தீரும்.

கடைசியாக, விதையை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். குறைந்தது மூன்று வீடுகளில் கொடுத்து வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் எடுக்கும் விதையில் ஒரு பங்கை விதைக்காமல் மிச்சம் வையுங்கள்.

அந்த அம்மாவிடமும் மிச்சம் இருந்தது. சமையலறைப் பரணில், சாம்பல் போட்ட மண் கலயத்தில், கலப்பு ஏற்படுவதற்கு முந்தைய ஆண்டு விதை. தையில் அதை விதைத்தார். 20-க்கு 15 முளைத்தது. நாற்றில் நான்கை மாடித் தம்பிகளுக்கே கொடுத்துவிட்டார். இனி மேலும் கீழும் ஒரே கத்தரி. வண்டு எங்கே உட்கார்ந்தாலும் கவலை இல்லை.

(கட்டுரையாளர்: வேளாண் விஞ்ஞானி, உழவியல்)